பதினெட்டு நொடி

சுவிட்சை அணைத்த பிறகு எங்கள் ரம்பம் முழுதாக நிற்பதற்குப் பதினெட்டு நொடி ஆகும். செல்போனில் நேரம் வைத்து ஏழெட்டுத் தடவை அளந்திருக்கிறேன். கரண்டு நின்றதும் மோட்டாரின் உறுமல் உடனே அடங்கிவிடும். ஆனால் அவ்வளவு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்த பத்து அங்குல இரும்புத் தட்டு சட்டென்று எப்படி நிற்கும்? எடுத்த வேகத்திலேயே சுற்றி, பெல்ட்டும் பேரிங்கும் உரசுகிற உரசலில் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துத்தான் நிற்கும். அந்தப் பதினெட்டு நொடியும் மெல்லிய சீறல் ஒன்று அதிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

எனக்கு அது கேட்கும். என் வீட்டுக்காரருக்குக் கேட்காது.

அவர் பெயர் ஆதிகேசவன். நகரியில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் இருபத்திரண்டு வருடம் தறி ஓட்டினார். நான் அதே கொட்டகையில் தார் சுற்றினேன். அதாவது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சிகளில் ஊடை நூலைச் சுற்றிக் கொடுப்பேன். பதினாறு தறிகள் ஒரே தகரக் கூரையின் கீழ் ஓடும்போது வாயால் பேசிப் பயனில்லை. உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும்தான் பேசிக்கொள்வோம். கல்யாணத்துக்கு முன் அவர் என்னிடம் முதன்முதலாகக் கேட்டது "டீ குடிச்சியா?" என்று. மூன்று தறிக்கு அந்தப் பக்கம் நின்று, கட்டைவிரலை உதட்டருகே சாய்த்துக் கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன். அவ்வளவுதான் எங்கள் பெண் பார்க்கும் படலம்.

பெரிய சத்தத்தில் வருடக் கணக்காக நின்றால் காது ஒரே நாளில் போய்விடுவதில்லை. உச்சத்திலிருந்து உதிரத் தொடங்கும். முதலில் கொசுவின் ரீங்காரம் போகும். அப்புறம் செல்போன் மணி, குக்கர் விசில், வளையல் ஓசை. தாழ்ந்த சத்தங்கள் மிஞ்சியிருக்கும். பஸ் வருவது அவருக்குக் கேட்கும், இடி கேட்கும், ஆண்கள் பக்கத்தில் நின்று பேசினால் பாதி கேட்கும். மீதியை உதட்டிலிருந்து எடுத்துக்கொள்வார். யாராவது கேட்டால், "கொஞ்சம் மந்தம், அவ்ளோதான்" என்பார்.

நான்கு வருடத்துக்கு முன் கொட்டகைக்காரர் பழைய தறிகளை விற்றுவிட்டுப் புதியவை நான்கு வாங்கினார். அவற்றில் ஏதாவது தவறு நடந்தால் 'பீப்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்காதவருக்கு அங்கே இடமில்லை. அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டார். தறியின் மரப் பாகங்கள் தேய்ந்தால் அவரே செதுக்கி மாட்டுவார். மரம் அவர் கைக்குப் புதிதில்லை. புத்தூரில் ஒருவர் விற்ற ரம்ப மேஜையை வாங்கி வந்து வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டோம். அஞ்சறைப் பெட்டி, புத்தகம் வைத்துப் படிக்கிற பலகை, செல்போன் தாங்கி என்று சின்னச் சின்னதாகச் செய்து விற்றோம். பிறகு திருமண் பெட்டி வந்தது.

நெற்றியில் நாமம் இட்டுக்கொள்கிறவர்கள் தினமும் திறக்கிற பெட்டி அது. எங்கள் பெட்டிக்கு மூன்று அறை. வெள்ளைத் திருமண் கட்டிக்கு ஆழமான அறை, சிவப்பு ஸ்ரீசூர்ணத்துக்கு விரல் நுழைகிற அளவில் ஆழமில்லாத அறை, குச்சிக்கு நீளமாக ஒரு அறை. மூடியின் உள்பக்கம் சின்னக் கண்ணாடி. மூடி கீலில் தூக்குகிறதாக இல்லாமல் பக்கவாட்டில் நகர்கிறதாக இருக்கவேண்டும். ஈரக் கையோடு திறந்தாலும் பெட்டி கவிழாது. மூடி நகர்வதற்குப் பக்கப் பலகைகளில் காடி எடுக்கவேண்டும். காடி என்றால் பலகையை முழுதாக அறுக்காமல், பாதி ஆழம் மட்டும் ரம்பத்தை ஓடவிட்டு எடுக்கிற பள்ளம். இங்கேதான் ஆபத்து. மற்ற அறுப்புகளுக்கு ரம்பத்தின் மேல் காப்பு மூடி இருக்கும். காடி எடுக்கும்போது அந்த மூடியைக் கழற்றியாக வேண்டும்.

எங்கள் கொட்டகைக்குச் சில சட்டங்கள் உண்டு. லுங்கி கூடாது, பேண்ட்தான். கையுறை கூடாது, கையைக் காப்பாற்றும் என்று நினைத்துப் போடுகிறார்கள், ஆனால் ஒரு பல் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். புடவை மேல் அவருடைய பழைய சட்டையைப் போட்டு முந்தானையை உள்ளே அடக்கிக்கொள்வேன். வளையல்களைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டிவிடுவேன். ரம்பம் ஓடும்போது காதுக்கு மூடி போடுவேன். சுவிட்சை அணைத்ததும் ஒரு பக்கத்தை மேலே தள்ளிவிட்டு, சீறல் அடங்கும்வரை கேட்டுக்கொண்டு நிற்பேன்.

திருப்பதியில் கோவிந்தராஜசாமி கோயில் பக்கம் இருக்கும் வெங்கடராகவன் என்பவர் தன் மகன் கல்யாணத்தில் கொடுக்க நாற்பது பெட்டி கேட்டிருந்தார். முதலில் பன்னிரண்டு கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டு மீதி சொல்கிறேன் என்றார். மாமரத்தில் செய்யத் தொடங்கினோம்.

பன்னிரண்டாவது பெட்டிக்குக் காடி எடுத்த அன்று நான் கதவருகே உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் பலகையைத் தள்ளி முடித்தார், சுவிட்சை அணைத்தார். ரம்பத்தின் பக்கத்தில் ஒரு சிராய் கிடந்தது. அதை விரலால் ஒதுக்கக் கையை நீட்டினார். எனக்குச் சீறல் கேட்டுக்கொண்டிருந்தது.

"மாமா!" என்று கத்தினேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

டிக் என்று ஒரு சத்தம். சிராய் பறந்து தகரச் சுவரில் அடித்தது. அவர் கையை இழுத்துப் பார்த்தார். நடுவிரல் நகத்தின் நுனி, பிறை போல, போயிருந்தது. சதையில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஒண்ணுமில்லமே. நகந்தான்" என்றார்.

தறிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. தறியைத் தட்டி நிறுத்தினால் ஒரு ஓட்டத்துக்குள் நின்றுவிடும். அதற்குப் பிரேக் இருக்கிறது. சத்தம் நின்றால் மிஷின் நின்றது. உடனே கையை உள்ளே விட்டு அறுந்த இழையை முடிந்துவிட்டு ஓட்டவேண்டும். இருபத்திரண்டு வருடம் அவர் கை அதைத்தான் படித்தது. ரம்பத்தில் உறுமல் நின்றதும் கை தானாகப் போகிறது. கண்ணும் காப்பாற்றாது. வேகமாகச் சுற்றும் தட்டு வழவழவென்று அசையாத தட்டு போலவே தெரியும். ட்யூப் லைட் வெளிச்சத்தில் சில வேகங்களில் பற்கள்கூட நிற்பது போலத் தெரியும்.

அவர் முன்னால் போய் நின்றேன். "நின்னுச்சுன்னு நெனச்சியா மாமா?"

"நின்னுதான் இருந்துச்சு."

"நின்னு இருந்தா நகத்த எது துன்னுச்சு? எலியா?"

"கை கொஞ்சம் முந்திகிச்சு. அதுக்கு இன்னா இப்போ?"

"உனக்கு அந்தச் சத்தம் கேக்கல. அதான் இன்னா. இன்னிலேர்ந்து ரம்பத்துல நான் நிக்கிறேன். நீ இழைப்புளி புடி."

அவர் முகம் மாறியது. "இன்னாமே, நீயும் என்னை மிஷின வுட்டு எறக்குறியா?"

'நீயும்' என்று அவர் சொன்னது எனக்கு உறைக்காமல் இல்லை. ஆனாலும் விடவில்லை. "ஆமா, எறக்குறேன். விரலு போனா ஒட்டவெக்க என்கிட்ட பசை இல்ல" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் வீட்டில் சண்டை அப்படித்தான் முடியும். உதட்டைப் பார்த்துக் கேட்கிறவர் கண்ணை மூடிவிட்டால், எதிரில் இருப்பவர் சுவரோடு பேசவேண்டியதுதான்.

மறுநாள் காலை பன்னிரண்டு பெட்டிகளையும் திருப்பதிக்குக் கொண்டுபோக வேண்டும். வழக்கமாக இருவரும் போவோம். அன்று நான் மட்டும் கிளம்பினேன். கிளம்பும்முன், அவர் குளிக்கப் போயிருந்தபோது கொட்டகைக்குப் போய், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரைத் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பெல்ட் இல்லாமல் மோட்டார் மட்டும் சுற்றும், ரம்பம் சுற்றாது. நான் இல்லாத வீட்டில் அந்தச் சீறலைக் கேட்க ஆளில்லையே.

பஸ்ஸில் கண்டக்டர் பையைக் காலால் தட்டிப் பார்த்தார். "ஏமம்மா, எர்ர சந்தனமா?"

"செம்மரம் வெச்சிகினு இருந்தா உன் பஸ்ல ஏன்பா நின்னுகினு வரப்போறேன்? மாமரம்" என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். புத்தூர் தாண்டும்வரை எனக்குப் பெட்டிகளைப் பற்றிய கவலையே வரவில்லை. வீட்டில் அவர் கொட்டகைக்குப் போயிருப்பார், பெல்ட் இல்லாததைப் பார்த்திருப்பார் என்பதையே நினைத்துக்கொண்டு போனேன்.

கோயிலில் பாசுரம் சொல்லப் போன வெங்கடராகவன் இன்னும் வரவில்லை. அவர் மனைவி குமுதவல்லி அம்மாள் கூடத்தில் பாய் விரித்து, "வாங்கோ, உக்காருங்கோ. எங்கே உங்க ஆத்துக்காரர்?" என்றார். பெட்டிகளை எடுத்து வைக்கும்போது பெல்ட்டும் கூடவே வந்து பாயில் விழுந்து சுருண்டது.

"ஐயோ, பாம்பு மாதிரின்னா இருக்கு! என்னது அது?"

"ரம்பத்தோட பெல்ட்டும்மா."

"அதையும் எங்களுக்கேவா?" என்று சிரித்தவர், என் கையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அவசரத்தில் வளையல்களை ஆணியிலேயே விட்டு வந்திருந்தேன். மொட்டைக் கையோடு ஒரு சுமங்கலி, கணவரும் கூட வரவில்லை. அவர் என்ன நினைத்தாரோ, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆத்துல எல்லாரும் சௌக்கியந்தானே?" என்று மெல்லக் கேட்டார்.

சௌக்கியம்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பிறை போல வெட்டுப்பட்ட நகத்திலிருந்து பெல்ட்வரை எல்லாம் வந்துவிட்டது. பதினெட்டு நொடியைக்கூட விளக்கினேன்.

அதற்குள் வெங்கடராகவன் வந்துவிட்டார். உயரமானவர், பெரிய குரல். ஒரு பெட்டியை எடுத்து மூடியை நகர்த்தினார். இழுத்தார், தள்ளினார், மறுபடி இழுத்தார். திருமண் அறையில் விரலை விட்டு ஆழம் பார்த்தார். கவிழ்த்துக் குலுக்கினார், மூடி நழுவவில்லை. "பேஷ்! சிக்கவும் இல்லை, ஆடவும் இல்லையே!" என்றார்.

"காடிய மூடியவிட ஒரு காகிதம் அளவு அகலமா எடுத்திருக்குதுங்க. மழைக்காலத்துல மரம் ஊதும், அப்ப சிக்காது" என்றேன்.

நான் பேசும்போது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, பெட்டியையும் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் தினமும் பார்க்கிறவள். அடுத்த வாக்கியத்தைச் சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன்: "மீதி இருபத்தெட்டும் இதே மாதிரி போதுங்களா?"

"இதே மாதிரி போதும், இதே மாதிரி!" என்று பெரிய குரலில் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

குமுதவல்லி அம்மாள் என்னைப் பார்த்தார். "கண்டுபிடிச்சுட்டேளே! அஞ்சு வருஷமாச்சு. பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது."

"கோயில்ல எல்லாரோடயும் சேர்ந்து பாசுரம் சொல்றாரேம்மா? எப்படி?"

"கோஷ்டியில ரெண்டு வரிசையா நிப்பா. இவா ஒரு அடி, எதிர் வரிசை அடுத்த அடி. அவா எப்போ முடிச்சா, இவர் எப்போ எடுக்கணும், அது காதுல விழாது. முன்னாடியெல்லாம் முந்திண்டுடுவார், எல்லாரும் திரும்பிப் பாப்பா. இப்போ பக்கத்துல ராம்ப்ரசாத்னு ஒருத்தர் நிக்கறார். எடுக்கற நேரத்துல முழங்கையால லேசா ஒரு இடி. அவ்வளவுதான், அடி பிசகறதில்லை."

"நீங்க சொல்லி வெச்சீங்களா?"

"நானா? 'யாரையாவது கேளுங்கோ'ன்னு ஒரு தடவை சொன்னேன். மூணு நாள் என்னோட பேசலை. அப்புறம் அவரே போய் ராம்ப்ரசாத்தைக் கேட்டார். அதுக்கு ஒரு வருஷம் ஆச்சு." பெல்ட்டை எடுத்து என் பையில் வைத்தார். பிறகு உள்ளே போய் இரண்டு டஜன் கண்ணாடி வளையலும் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்தார். "வேலை பண்றச்சே கழட்டுங்கோ, தப்பே இல்லை. பஸ்ஸுல போறச்சே போட்டுக்கோங்கோ."

திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு வருடத்தை யோசித்தேன். எங்களிடம் ஒரு வருடம் இல்லை. ஒரு வருடத்தில் விரல் எத்தனை முறை முந்திக்கொள்ளும்! ஆனால் வரிசையிலிருந்து வெங்கடராகவனை யாரும் இறக்கவில்லை, முழங்கையால் ஒரு இடிதான் இடித்தார்கள். அந்த இடியை ரம்பத்தில் எப்படிச் செய்வது? பக்கத்தில் நான் நிற்கலாம். நான் இல்லாத நேரத்தில்? எனக்கு விடை கிடைக்குமுன் நகரி வந்துவிட்டது.

அவர் கொட்டகையில்தான் இருந்தார். பேண்ட் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, ரம்ப மேஜைக்கு முன்னால் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "பெல்ட்ட எடுத்துகினு போனியே, தோசைக்கல்ல மட்டும் எதுக்கு வுட்டுட்டு போன? அதுலயும் சுட்டுக்கப் போறேன்" என்றார்.

"சாப்ட்டியா?"

"துன்னேன், துன்னேன். பெல்ட்ட குடு. ஒண்ணு காட்டணும்."

பையிலிருந்து எடுக்காமல் நின்றேன். அவர் கையை நீட்டவில்லை. குனிந்து, மேஜைக்குக் கீழே மரத்தூள் வந்து கொட்டுகிற தகர வாயைக் காட்டினார். அதன் மேல் விளிம்பில் நான்கு விரல் நீளத்துக்குச் சிவப்பு நூல் மூன்று இழை, முடிச்சுப் போட்டுத் தொங்கியது. நான் சுற்றிய பழைய தார்க் குச்சி ஒன்றிலிருந்து எடுத்திருந்தார்.

"தறியில ஊடைக்கு ஒரு முள்ளு இருக்குமே, ஞாபகம் கீதா?" என்றார்.

இருக்காதா? முள் கரண்டி போல சின்னக் கம்பி. நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் அது இழுத்து வரும் நூல் அந்தக் கம்பியை லேசாகத் தள்ளும். நூல் தள்ளுகிறவரை தறி ஓடும். நூல் அறுந்தால் தள்ள ஆளில்லை. கம்பி தன்னிடத்திலேயே நின்று கொக்கியில் மாட்டி, தறியை நிறுத்திவிடும். ஒரு இழைதான் அவ்வளவு பெரிய இரும்புக்குச் செய்தி சொல்லும்.

"ரம்பம் சுத்துனா காத்து அடிக்கும்ல? அந்தக் காத்து தூளு வர்ற வாயிலதான் வெளிய வரும். காத்து கீறவரைக்கும் நூலு பறக்கும். பறந்தா..." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "எனக்குக் கேக்கல மஞ்சு. நேத்துன்னு இல்ல. என்னிக்குமே கேக்கல. நின்னுட்டதா நெனச்சிகினு இருந்தேன்."

தரையைப் பார்க்கிறவருக்கு எப்படிப் பதில் சொல்வது? பெல்ட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

பிளக் வெளியே இருப்பதை இருவரும் பார்த்துக்கொண்டு பெல்ட்டை மாட்டினோம். மரம் எதுவும் வைக்காமல், காப்பு மூடியைப் போட்டு, ரம்பத்தை ஓடவிட்டோம். நூல் மூன்று இழையும் எழுந்து, படுத்த வாக்கில் விறைப்பாகப் பறந்தன. அவர் சுவிட்சை அணைத்தார். உறுமல் நின்றது. நூல் பறந்துகொண்டே இருந்தது. அவர் முகத்தை அப்போது பார்க்கவேண்டும். நான்கு வருடமாகத் தன் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்ததை முதல் தடவை பார்க்கிறார்.

நான் செல்போனைப் பார்த்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று. நூல் தளர்ந்து கீழே தொங்கியது. "நின்னுச்சு" என்றார் அவர்.

நான் ஒரு விரலை உயர்த்திக் காட்டினேன். இன்னும் சீறிக்கொண்டிருந்தது. காற்று குறைந்ததும் நூல் விழுந்துவிடுகிறது. ஆனால் நூலைத் தூக்க முடியாத வேகத்திலும் பல் வெட்டும். பதினெட்டில் விரலை இறக்கினேன்.

"நூலு வுழுந்தப்புறம் அஞ்சு நொடி" என்றேன்.

"பத்து எண்ணிடலாம். அஞ்ச நம்ப முடியாது, என் கை முந்திக்கும்" என்றார். கரித்துண்டை எடுத்து மேஜையின் முன்பலகையில் பெரிதாகப் பத்து என்று எழுதினார். எண்ணி முடிக்கும்வரை இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் என்பதையும் அவரே சேர்த்தார். சிராயை ஒதுக்க ஒரு மூங்கில் குச்சியைச் சீவி ஆணியில் மாட்டினார். அந்த ஆணியில் ஏற்கெனவே என் வளையல்கள் தொங்கின. புது வளையல்களையும் கழற்றி அதிலேயே மாட்டினேன்.

மீதி இருந்த இருபத்தெட்டுப் பெட்டிகளுக்கும் காடி அவர்தான் எடுத்தார். முதல் பலகையைத் தள்ளி முடித்து, சுவிட்சை அணைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் காது மூடியை மேலே தள்ளினேன். நூல் பறந்தது.

அவர் என் பக்கம் திரும்பி, "எப்டிமே இருக்கும் அது?" என்றார்.

"எது?"

"அந்தச் சத்தம்."

அவருக்குக் கேட்ட காலத்தில் கேட்டிருக்கக்கூடிய ஒன்றாகத் தேடினேன். "புதுப் புடவைய மடிப்பு பிரிச்சா வருமே, அது மாதிரி" என்று, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னேன்.

"உன் கல்யாணப் பொடவையா?"

"அய்ய, அது பட்டு. மொறமொறன்னு இருக்கும். இது காட்டன்."

"எத்தினியாவது நம்பரு நூலு?"

"நூறு."

"அவ்ளோ மெல்லிசா!" என்று நூலைப் பார்த்தார். அது தளர்ந்து விழுந்தது. நாங்கள் இருவரும் வாய்விட்டு எண்ணத் தொடங்கினோம்.